ஒப்புதற் கடிதமும் பட்டியலும்

கல்லூரி ஆண்டு மலருக்குக் கட்டுரையொன்று அனுப்புமாறு கேட்டெழுதிய கடிதம் எம்மைப் பர்லியாரில் வந்தடைந்தபொழுது, யாம் பில் எழுதிக்கொண்டிருந்தோம். பழைய மாணவர் பலர் இம்மலரில் தாம் கண்ட தேசங்களையும் கற்ற நூல்களையும் பற்றி எழுதியிருக்கின்றனர். மலைச்சாலையோரத்தில் வாழும் எம்மிடமிருந்து காட்டையும் அருவியையும் பற்றிய வருணனையை ஆசிரியர் எதிர்பார்த்திருக்கவுங் கூடும். எமக்கோ இவ்வாண்டுகளில் மெய்யாகக் கைவந்த அநுபவம் ஒன்றே. ஒருவர் 'சரி, செய்யுங்கள்' என்று சொன்ன சொல்லை எவ்வாறு பட்டியலாக்குவது, அதிலும் மாதந்தோறும் திரும்பத் திரும்ப வரும் பட்டியலாக்குவது எவ்வாறு என்பதே அது. அற்பமான விஷயமென்று யாமும் முன்பு எண்ணியிருந்தோம்.

பர்லியாரை அறியாத நேயர் சிலர் இருக்கலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாற்றைக் கடந்து குன்னூருக்கு ஏறும் சாலையில், கொண்டை ஊசி வளைவுகளின் நடுவே, பேருந்துகள் இளைப்பாற நிற்கும் சிற்றூர் அது. சாலையின் இருமருங்கிலும் பழக்கடைகள், கடைகளின்மேற் குரங்குகள். குன்னூர் ஏறத்தாழ 6,000 அடி உயரத்திலிருக்க, எம்மூர் அதிற் பாதிக்குங் குறைவான உயரத்திலுள்ளது. ஆதலின் மலைக்குளிரும் இல்லை, சமவெளியின் வெம்மையும் இல்லை. இவ்விடைப்பட்ட நிலையைக் கண்டே 1857-ஆம் ஆண்டிற் கோயம்புத்தூர்க் கலெக்டராயிருந்த தாமஸ் துரை இங்கே ஒரு தோட்டம் தொடங்கினார். 1871-இல் அரசாங்கத்தார் அதனை வாங்கினர். மங்குஸ்தான், துரியன், ஜாதிக்காய், கிராம்பு ஆகிய அயல்நாட்டு மரங்கள் இம்மலைச்சரிவில் வேரூன்றியது அத்தோட்டத்தினால். இன்று அது மாநிலத் தோட்டக்கலைத் துறையின் பண்ணையாக விளங்குகிறது. எம் தந்தையாரும் அம்மரங்களின் கன்றுகளைப் பதியம் போட்டும் ஒட்டுக் கட்டியும் விற்றே எம்மைக் கல்லூரிக்கு அனுப்பினார்.

தந்தையார் கணக்கெழுதிய விதத்தை ஈண்டுச் சொல்லுதல் வேண்டும். சிவப்புத் துணி போர்த்த நீண்ட பேரேடு ஒன்றே அவரிடம் இருந்தது. முதல் வரியிற் பிள்ளையார் சுழி. கன்று எண்ணும்பொழுது ஒன்று என்னாமல் 'லாபம்' என்றுதான் தொடங்குவார். விலை பேசுவதும் வாய்ச்சொல், ஒப்புக்கொள்வதும் வாய்ச்சொல், எழுத்தில் ஏறுவது பேரேட்டின் ஒற்றை வரி. வணிகவியல் பயின்று திரும்பிய யாம் அப்பேரேட்டைப் பார்த்து உள்ளூர நகைத்தோம். 1494-இல் வெனிஸ் நகரத்தில் லூகா பாச்சியோலி அச்சிட்ட இரட்டைப் பதிவு முறையைத் தேர்வுக்குப் படித்தவரல்லவா யாம்! நகைத்ததற்கு உரிய தண்டனை பின்னர்க் கிடைத்தது.

கன்று விற்பதோடு நில்லாமல், கன்று நட்டுத் தோட்டம் அமைத்துக் கொடுத்து, பின்னர் மாதந்தோறும் அதனைப் பராமரிக்கும் தொழிலையும் மேற்கொள்வோமென்று தந்தையாரிடம் கூறினோம். அவர் தடை சொல்லவில்லை. "செய், ஆனால் காய்க்காத இடத்தில் கன்று விற்காதே" என்றார். அச்சொல்லை மட்டும் தொடக்கமுதற் காத்தோம். குன்னூரில் வீடு கட்டிய ஒருவர் தம் வாயிலில் மங்குஸ்தான் வைக்க விரும்பி நல்ல விலை கொடுக்க முன்வந்தபொழுது, அவ்வளவு குளிரில் அது பழுக்காதென்று சொல்லித் திருப்பியனுப்பினோம். அவர் வேறொருவரிடம் வாங்கி நட்டார் என்று கேள்வி.

முதற் பெருவேலை 2018-ஆம் ஆண்டு மே மாதத்தில் வாய்த்தது. சமவெளி நகரத்தார் ஒருவர் எம்மூருக்கு அருகே சரிவான நிலம் வாங்கியிருந்தார். யாம் அவருக்கு விலைப்புள்ளி எழுதினோம். கொட்டேஷன் என்று கடைவீதியில் வழங்குவதும் அதுவே. நிலந்திருத்திக் குழி எடுக்க 38,000 ரூபாய். கல்லடுக்கிப் படிவரப்புக் கட்ட 64,000. மங்குஸ்தான் 30, ஜாதிக்காய் 40, கிராம்பு 30 ஆக நூறு கன்றுகளுக்கு 16,500. ஆகமொத்தம், வரி நீங்கலாக, 1,18,500 ரூபாய். அப்பால் இரண்டாண்டுக்கு மாதம் 9,000 ரூபாய் பராமரிப்பு. பத்து நாளில் அவரிடமிருந்து கடிதம் வந்தது. "தங்கள் விலைப்புள்ளியை ஏற்றுக்கொள்கிறேன்" என்பது அதன் முதல் வாக்கியம். முன்பணமாக 40,000 ரூபாயும் உடன் வந்தது. அம்முதல் வாக்கியத்தைத் தந்தையாருக்கும் தாயாருக்கும் உரக்கப் படித்துக் காட்டினோம். அதற்குக் கீழே இருந்த இரண்டு வாக்கியங்களையும் படித்தோம். ஆனால் அவற்றைக் கடிதத்தின் உபசாரமாகவே கொண்டோம்.

இரண்டாவது வாக்கியம், ஜாதிக்காய் ஒட்டுக்கன்றாக இருத்தல் வேண்டும் என்பது. நியாயமான கோரிக்கையே. ஜாதிக்காயில் ஆண் மரமும் பெண் மரமும் வேறு வேறு. விதையிலிருந்து முளைத்த கன்று எவ்வினம் என்பது பல்லாண்டு கழித்துப் பூக்கும்பொழுதுதான் தெரியவரும். பெண் மரமே காய்க்கும். காய்க்கும் மரத்தின் கிளையைக் கொண்டு ஒட்டுக் கட்டினால் அவ்வையம் இல்லை. யாம் விலை எழுதியதோ கன்றொன்றுக்கு 150 ரூபாய் பெறும் விதைக்கன்றுக்கு; ஒட்டுக்கன்று 400 ரூபாய். மூன்றாவது வாக்கியம், கடைசிக் கன்று நட்டு முடிந்த மாதத்திற்கு அடுத்த மாதமுதற் பராமரிப்புக் கணக்குத் தொடங்கவேண்டும் என்பது.

மேஸ்திரியிடம் ஒட்டுக்கன்று என்று சொன்னோம். அவரும் அவ்வாறே செய்தார். அவை கிடைக்கத் தாமதமானமையின் நடவு ஆகஸ்டு மாதத்தில்தான் முடிந்தது. மாதக் கடைசியிற் பட்டியல் எழுத உட்கார்ந்த யாம், கடிதத்தை எடுக்கவில்லை; எமது விலைப்புள்ளியின் நகலை எடுத்து, தலைப்பை மாற்றி, 'விலைப்புள்ளி' என்றிருந்த இடத்திற் 'பட்டியல்' என்றெழுதினோம். ஜாதிக்காய் விதைக்கன்று விலையிலேயே நின்றது. பராமரிப்போ வேலை தொடங்கிய ஜூன் முதற் கணக்கிடப்பட்டு மூன்று மாதத்திற்கு 27,000 ரூபாய் ஏறியது. இவ்வாறு ஒரே தாளில் எமக்கு 10,000 ரூபாய் நஷ்டமும், அவருக்கு 27,000 ரூபாய் மிகையும் எழுதியனுப்பினோம்.

அவர் கோபிக்கவில்லை. "பட்டியல் கடிதத்தோடு பொருந்தவில்லை; பொருந்துவது வந்தபின் பார்க்கலாம்" என்று ஒரு வரி எழுதிவிட்டு முழுத்தொகையையும் நிறுத்திவைத்தார். திருத்திய பட்டியலுக்குப் பணம் வந்து சேர நாற்பத்தேழு நாள் ஆயிற்று. ஒட்டுக்கன்றின் விலையை எழுத்தில் யாம் கேட்டிராமையால் அவ்வேறுபாட்டை யாமே ஏற்றோம். அதுவன்று துன்பம். எமது வேலைக்கு வந்த எழுவருக்குச் சனிக்கிழமைதோறும் கூலி கொடுத்தாக வேண்டும். அவர்களுள் ஒருவர் மகளைப் பள்ளியிற் சேர்த்த புதிது. மற்றொருவர் வீட்டிற் பிரசவம். இரண்டு சனிக்கிழமை பாதிக்கூலி கொடுத்தோம். மூன்றாவது சனிக்கிழமை, நல்ல விலைக்காகத் தந்தையார் காத்துவைத்திருந்த மிளகு மூட்டை இரண்டினை மேட்டுப்பாளையத்து வியாபாரியிடம் அவர் கேட்ட விலைக்கே போட்டோம். அன்று மாலை கூலியை எண்ணி வாங்கிய மேஸ்திரி, "தம்பி, கடிதத்தில் இருந்ததை எனக்குச் சொன்னீர்கள், நீங்கள் எழுதிய தாளுக்குச் சொல்லவில்லையே" என்றார். ஏளனமாகச் சொன்னவரல்லர். நடந்ததைச் சொன்னார், அவ்வளவே.

அதன்பின் சட்டத்தைத் தேடிப் படித்தோம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் ஏழாவது பிரிவு, ஒப்புதல் முழுமையானதாகவும் நிபந்தனையற்றதாகவும் இருத்தல் வேண்டும் என்கிறது. 'ஏற்றுக்கொள்கிறேன், ஆனால்' என்று ஒருவர் எழுதுவாராயின், அது ஒப்புதலன்று. அவர் எம்மிடம் வைக்கும் புதிய முன்மொழிவு. அதனை ஒப்புக்கொள்ள வேண்டியவர் யாம். இதைக் கல்லூரியிற் படித்துத் தேர்வில் எழுதியும் இருந்தோம்! எழுதியது மதிப்பெண்ணுக்காதலின், வாழ்க்கையில் அது எதிரே வந்து நின்றபோது அடையாளம் தெரியவில்லை. அக்கடிதம் வந்த அன்றே ஒட்டுக்கன்றின் விலையையும் பராமரிப்புத் தொடங்கும் மாதத்தையும் திருத்தி இரண்டாம் விலைப்புள்ளி அனுப்பி, அதற்கு 'ஆனால்' இல்லாத ஒப்புதல் பெற்றிருப்போமாயின், பட்டியல் எழுதுவது குழந்தையும் செய்யத்தக்க வேலையாயிருந்திருக்கும்.

வரி விஷயத்திலும் இவ்வுண்மையே எம்மை எதிர்கொண்டது. 2017-ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த ஜி.எஸ்.டி. முறையில் உயிர்க்கன்றுகளுக்கு வரியில்லை. தோட்டப் பராமரிப்புக்கு நூற்றுக்குப் பதினெட்டு. வரியில்லாப் பொருளுக்கு எழுதும் பட்டியலின் பெயர் வேறு. வரியுள்ளதற்கு எழுதுவது வேறு. கன்றும் வேலையும் இயல்பாகவே பிணைந்த ஒரே விற்பனையென்று கொள்ளத்தக்கதாயின், அவற்றுள் முதன்மையானது எதுவோ அதன் வரியே முழுமைக்கும் சாரும். எமது ஆடிட்டர் முதலிற் கேட்டது, "பட்டியலில் எவ்வாறு எழுதினீர்?" என்பதன்று, "என்னவென்று ஒப்புக்கொண்டீர்கள்?" என்பதே. பட்டியல் எழுதும் நாளிற் கெட்டிக்காரத்தனம் காட்டுவதாற் பயனில்லை என்பது அப்பொழுது விளங்கிற்று.

ஆதலின் ஒரு வழக்கம் ஏற்படுத்திக்கொண்டோம். ஒப்புதல் வந்தவுடன் அதன் ஒவ்வொரு வரிக்கும் எதிரே, ஒருமுறை பெறுவதா, மாதந்தோறும் பெறுவதா என்று குறிப்போம். ஒருமுறை பெறுவதாயின் எந்த வேலை முடிந்தால் என்று எழுதுவோம்: குழி எடுத்தவுடன் இவ்வளவு, வரப்புக் கட்டியவுடன் இவ்வளவு. மூன்று மாதத்திற்கு மேற்பட்ட காலத்துக்கு ஒப்பந்தம் செய்து, தவணைதோறும் பணம் பெறும் சேவையைத் 'தொடர் சேவை' என்று ஜி.எஸ்.டி. சட்டம் பிரித்துரைக்கிறது. பணம் தரவேண்டிய நாள் ஒப்பந்தத்திற் குறிக்கப்பட்டிருப்பின் அந்நாளிலோ அதன் முன்னரோ பட்டியல் எழுதியாக வேண்டும்; ஒரு வேலையின் முடிவோடு பணம் பிணைக்கப்பட்டிருப்பின் அவ்வேலை முடிவதற்குள் எழுதவேண்டும். பட்டியலுக்கு வரிசை எண்ணும் உண்டு. பதினாறு எழுத்துக்கு மிகாமல், ஓராண்டுக்குள் இருமுறை வாராமல். நாளையும் வேலையையும் முன்னரே குறித்து வைத்தவனுக்கு இவையெல்லாம் தாமே அமைகின்றன. மழைக்காலம் மட்டும் எதற்கும் அடங்குவதில்லை. ஓர் ஐப்பசியில் மண்சரிந்து சாலை அடைபட, ஒரு வாரம் தோட்டங்களுக்குப் போக முடியவில்லை. அம்மாதப் பட்டியலைக் குறைப்பதா என்று ஒப்பந்தங்களைப் புரட்டினால் ஒன்றிலும் சொல்லில்லை. அடுத்த விலைப்புள்ளி முதல் 'சாலை அடைபட்டால்' என்றொரு வரி சேர்ந்தது.

வாடிக்கையாளர் முப்பதைத் தாண்டியபொழுது கையெழுத்து வேலை கட்டுக்கடங்கவில்லை. கணினி மென்பொருளொன்றை நாடினோம். இத்தொழிலிற் சென்னைக்கு உலகில் ஓரிடம் உண்டு என்பதை மாணவ நேயர்கள் அறிந்திருக்கலாம். 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் எழுந்து பின்னர் ஜோஹோ எனப் பெயர் பூண்ட நிறுவனமும், 2011-இல் தொடங்கிய சார்ஜ்பீ என்னும் நிறுவனமும் சென்னையில் வளர்ந்தவை. பின்னது சந்தாப் பட்டியல் எழுதுவதையே தன் முழுத்தொழிலாகக் கொண்டு, கடல் கடந்த கம்பெனிகளுக்கும் கணக்கெழுதித் தருகிறது. பத்திரிகைக்கும் பாலுக்கும் மாதச் சந்தா கொடுத்துப் பழகிய நம்மவருக்கு இது புதியதோர் எண்ணமன்று, அளவுதான் புதிது. யாம் வாங்கிய கருவி எதுவென்று ஈண்டுக் கூறுதல் வேண்டா. ஏனெனில் பின்வரும் பிழை கருவியின் பிழையன்று, எம் பிழை.

இக்கருவிகளில் விலைப்புள்ளி ஒப்புக்கொள்ளப்பட்டது என்று குறித்தவுடன், ஒரு பொத்தானை அழுத்தினால் அதுவே பட்டியலாய் மாறுகிறது. மற்றொரு பொத்தானால் மாதந்தோறும் தானே பிறக்கும் பட்டியலாகிறது. தொடங்கும் நாள் எது, எத்தனை நாளுக்கொருமுறை, முடியும் நாள் எது என்று அது கேட்கும். கடைசிக் கேள்விக்கு விடையளிக்காமலும் விடலாம். அவ்வாறு விட்டால் முடிவேயில்லை.

கல்லாற்றருகே ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தனியே வாழ்கிறார். கொல்லையிற் பன்னிரண்டு ஜாதிக்காய் மரமும் சில பாக்கும். 2023 ஏப்ரல் முதல் ஓராண்டுக்கு, மாதம் 850 ரூபாயும் வரி 153 ரூபாயுமாக 1,003 ரூபாய்க்குப் பராமரிக்க ஒப்புக்கொண்டோம். வங்கிக் கணக்கிலிருந்து அத்தொகை தானே எம்மிடம் வரும்படி அவர் அநுமதி கொடுத்தார். ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் முதல் வகுத்த ஏற்பாட்டின்படி, இவ்வாறு பணம் எடுப்பதற்கு இருபத்துநான்கு மணி நேரம் முன்னதாக உரியவருக்கு அறிவிப்புச் சென்றாக வேண்டும். 15,000 ரூபாய் வரையிலான தொகைக்கு ஒவ்வொரு முறையும் இரகசிய எண் கேட்கப்படுவதில்லை. ஓராண்டு 2024 மார்ச்சில் முடிந்தது. எம் ஆட்கள் போவது நின்றது. கருவிக்கு முடியும் நாளை யாம் சொல்லியிருக்கவில்லை. வங்கி அநுமதிக்கும் தொலைதூரத் தேதியொன்றை எழுதியிருந்தோம். ஏப்ரல், மே, ஜூன், ஜூலை ஆகிய நான்கு மாதமும் பட்டியல் பிறந்தது, அறிவிப்புச் சென்றது, பணம் வந்தது.

ஆகஸ்டு முதல் வாரத்தில் அவரிடமிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. அழகிய கையெழுத்து. கண் சிகிச்சைக்குச் செலவு நேர்ந்தமையால் இம்மாதத் தொகையைப் பத்து நாள் தாமதித்துப் பெற்றுக்கொள்ள இயலுமா என்று கேட்டிருந்தார். ஆட்கள் வாராததைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தோம். முன்பு ஒருவர் எமது பிழையைக் கண்டு பணத்தை நிறுத்தினார். அவருக்கு அது எளிது. இவரோ பிழை தம்முடையதாயிருக்கலாம் என்றெண்ணிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

அன்றிரவு, மறைந்த தந்தையாரின் பேரேட்டை எடுத்தோம். எதற்காக எடுத்தோமென்று இப்பொழுது சொல்லத் தெரியவில்லை. மாதந்தோறும் எருவும் கன்றும் வாங்கிய வாடிக்கைக்காரர் பெயர்கள் சில கடைசிப் பக்கங்களில் இருந்தன. ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் தொகைக்குப்பின் ஒரு சொல்: 'ஆடி வரை', 'மார்கழி வரை', 'மகன் வரும் வரை'. அச்சொல்லில்லாத வரி ஒன்றேனும் உண்டாவென்று தேடினோம். இல்லை.

மறுநாட் காலை நான்கு மாதத் தொகையாகிய 4,012 ரூபாயையும், கிரெடிட் நோட் என வழங்கும் வரவுக் குறிப்பையும் எடுத்துக்கொண்டு கல்லாற்றுக்கு இறங்கினோம். யானை கடந்ததென்று சாலையிற் பேருந்து அரைமணி நின்றது. அவர் எம்மைத் திண்ணையில் அமர்த்தி மோர் கொடுத்தார். யாம் நடந்ததைச் சொன்னோம். அவர் கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டு குறிப்பை வரிவரியாகப் படித்தார்; மாணவன் விடைத்தாளைப் படிப்பது போலவே இருந்தது.

"ஆட்கள் வரவில்லையே என்று ஏன் அம்மா கேட்கவில்லை?" என்றோம்.

"மழை முடிந்து வருவார்கள் என்றிருந்தேன். மாதந்தோறும் கைபேசியில் அறிவிப்பு வந்ததே, தம்பி. வேலை இல்லாவிட்டால் அறிவிப்பு வருமா?" என்றார்.

எமக்கு விடை தோன்றவில்லை. அவர் பணத்தை எண்ணி, குறிப்பில் மூன்றாவது மாதத்தின் தேதி தவறாக எழுதப்பட்டிருப்பதைச் சுட்டிக்காட்டினார். உண்மைதான், ஜூன் 5 என்றிருக்கவேண்டியது 6 என்றிருந்தது. திருத்திக் கையெழுத்திட்டோம். பின்னர், மரங்களுக்குக் கவாத்து வேண்டியிருக்கிறதென்றும், மீண்டும் ஓராண்டுக்கு ஒப்புக்கொள்ளலாமா என்றும் கேட்டார். சுவரிலிருந்த நாட்காட்டியை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு, "எந்தத் தேதியோடு முடிகிறது? அதைச் சொல்லுங்கள்" என்றார். அந்நாட்காட்டி டிசம்பரோடு முடிந்துவிட்டிருந்தது. ஆதலின் அதன் பின்னட்டையில் எழுதிக்கொண்டார்.